அக்கா போட்ட கோடு

எந்த இடத்துக்குப் போனாலும் அக்கா வாசலை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவாள். பல் வைத்தியரிடம் போனாலும் அப்படித்தான், வங்கிக்குப் போனாலும் அப்படித்தான். "உள்ள வாங்க, ஃபேனுக்குக் கீழ இடம் இருக்கு" என்று யாராவது கூப்பிட்டால் சிரித்துவிட்டு அங்கேயே இருப்பாள். வருகிறவர்களை அவள் அதிகம் கவனிக்கமாட்டாள். வந்த காரியம் முடியாமல் பாதியில் எழுந்து போகிறவர்கள் மேல்தான் அவள் கண் இருக்கும். அவர்கள் படி இறங்கித் தெருவில் மறையும் வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அக்காவின் கணவருக்கு இது பிடிக்காது. "சினிமாவுக்கு வந்தாலும் வாசல் பக்கம். படம் பாக்க வந்தியா, டிக்கெட் கிழிக்க வந்தியா?" என்பார். மாமா அப்படித்தான், எதையும் கிண்டலாகத்தான் சொல்லத் தெரியும்.

அக்கா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பொதுச் சுகாதாரம் அவளுடைய பாடம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஊசி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, ஏன் கிடைப்பதில்லை என்று பார்ப்பதுதான் அவள் வேலை. எங்கள் தெருவில் இதை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. பெயர்ப்பலகையில் டாக்டர் என்று இருக்கிறதே! எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் நொண்டிக்கொண்டே வந்தார்.

"டாக்டரம்மா, மூட்டு புடிச்சுக்கிச்சு."

"நான் அந்த டாக்டர் இல்லைங்க."

"பரவாயில்லம்மா. நீங்க எந்த டாக்டரோ அந்த மருந்தையே குடுங்க."

அக்கா அவரை உட்கார வைத்து, யாரிடம் போக வேண்டும், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், காலையில் எத்தனை மணிக்குள் போனால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்றெல்லாம் சொல்லி அனுப்பினாள். அவர் போன பிறகு, "இதுதான் என் மருந்து" என்றாள்.

அவள் ஏன் வாசலைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்கு விடாத இருமல் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாள். வரிசையில் நிற்பாள். வெயில் ஏறியதும், வீட்டில் போட்டுவிட்டு வந்த வேலை ஞாபகம் வந்து திரும்பிவிடுவாள். "கூட்டமா இருந்துச்சு, நாளைக்குப் போறேன்" என்பாள். அந்த நாளை வரவே இல்லை. அம்மா போன பிறகு வீட்டைப் பார்க்க ஒருத்தி வேண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், அக்கா படித்தாள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள்: "அந்த ஆஸ்பத்திரியைக் கேட்டா, உங்கம்மா இங்க வரவே இல்லைம்பாங்க. டாக்டரைப் பாத்தவங்களைத்தான் அவங்க எண்ணுவாங்க. திரும்பிப் போனவங்களை யாரு எண்ணுறா?"

அவள் ஆயுசில் பாதி இந்தக் கேள்விக்குப் போய்விட்டது.

ஊரின் ஓரத்தில், பழைய தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால் ஒரு குடியிருப்பு இருக்கிறது. நடுவில் பஸ் போகிற ரோடு. ரோட்டின் இரண்டு பக்கமும் சந்து சந்தாக வீடுகள். ஒரு பக்கத்தில் இரண்டே அறைகளும் ஒரு நீளக் கூடமும் கொண்ட சுகாதார நிலையம். அதன் எடை பார்க்கும் இயந்திரத்தை நாலைந்து முறை உதைத்தால்தான் முள் நகரும். அங்கே ஒரு நர்ஸை வைத்து, நோயாளி வரும் வரை காத்திருக்காமல் வீடு வீடாகப் போய்ப் பார்க்கச் செய்ய வேண்டும் என்பது அக்காவின் யோசனை. வரிசையில் நிற்க முடியாதவர்களை அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும் என்றாள். சுகாதாரத் துறையில் சரி என்றார்கள். ஆனால் அதனால் பயன் உண்டு என்று நிரூபித்துக் காட்டச் சொன்னார்கள்.

அதற்காக அக்கா அந்த ரோட்டின் நடுவே மனசுக்குள் ஒரு கோடு போட்டாள். நர்ஸ் ஒரு பக்கத்து வீடுகளுக்கு மட்டும் போவாள். மறுபக்கத்துக்காரர்கள் எப்போதும்போல வேண்டுமானால் நிலையத்துக்கு வந்துகொள்ளலாம். சில வருஷம் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வீட்டுக்குப் போவதன் பலன் தெரிந்துவிடும். தெரிந்ததும் மறுபக்கத்துக்கும் தனியாக ஒரு நர்ஸ். எந்தப் பக்கம் முதலில் என்பதை நியாயமாக இருக்கட்டும் என்று காசு சுண்டிப் போட்டு முடிவு செய்தார்கள். நிலையம் இருந்த பக்கத்துக்கு விழுந்தது. இதையெல்லாம் நிலையத்து வாசலில் நின்று அக்காவே அந்த ஜனங்களுக்கு விளக்கினாள். மறுபக்கத்தில் இருந்து வந்திருந்த தையல்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ நாங்க பூவா தலையால தோத்துட்டோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "தோக்கலைங்க. கொஞ்சம் பொறுங்க. உங்க பக்கத்துக்கும் ஆள் வரும். அதுக்கு நான் பொறுப்பு."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

நர்ஸாக வந்தவளுக்குக் குடை சிஸ்டர் என்று பேர் வந்துவிட்டது. மழை வெயில் எதுவும் இல்லாத நாளிலும் கையில் கறுப்புக் குடை இருக்கும். நாயை விரட்டவும் கேட்டைத் தட்டவும் அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத வயசானவர்களுக்கு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். காலையில் போடுகிற மாத்திரை அட்டையில் வெள்ளை நூல் கட்டுவாள், ராத்திரி மாத்திரைக்குக் கறுப்பு நூல். விடிஞ்சா வெள்ளை, இருட்டினா கறுப்பு. மறக்க முடியாது. அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

வருஷங்கள் போயின. அக்காவுடைய மாணவர்கள் இரண்டு பக்கமும் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் எடுத்து வந்து கணக்குப் போட்டார்கள். முடிவு வந்த அன்று அக்கா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அதை அவள் தொடவே இல்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு" என்றாள்.

"நல்லா இருக்கா, மோசமா இருக்கா?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? பாயசம் வைக்க வேண்டியதுதானே!"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "போன பக்கமும் போகாத பக்கமும் ஒண்ணா இருந்தா என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போறதால ஒரு பிரயோசனமும் இல்லைன்னு அர்த்தம். துறையில அதைத்தான் சொல்றாங்க. வர்ற கூட்டத்துல நிறுத்திடப் போறாங்க. அந்தப் பக்கத்துக்குச் சொன்ன ஆளும் கிடையாது, இந்தப் பக்கத்துக்கு இருக்கிற ஆளும் கிடையாது."

மாமா அதன் பிறகு கிண்டல் செய்யவில்லை. ஆறிப்போன டீயை எடுத்துச் சூடு பண்ணிக் கொடுத்தார்.

போகாத பக்கம் எப்படி நன்றாக ஆயிற்று என்பது அக்காவுக்குப் பிடிபடவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் கிளம்பினாள். அப்போதே அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அதனால் துணைக்கு நானும் போனேன். ரோட்டைத் தாண்டி முதலில் தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை, ஜன்னலோரம் தையல் மெஷின், சுவரோரக் கட்டிலில் அவள் மாமியார். அக்கா வழக்கம்போல வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கட்டிலுக்கு மேலே ஒரு பலகைத் தட்டு. அதில் கண்ணாடி டம்ளருக்குள் இரண்டு மாத்திரை அட்டைகள் செருகி இருந்தன. ஒன்றில் வெள்ளை நூல். ஒன்றில் கறுப்பு நூல்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்ப்பது அக்காவுக்குப் பழக்கம். அவளும் பார்த்துவிட்டாள்.

"நூல் யாருங்க கட்டினது?"

தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை. "நான் தையல்காரி. என் வீட்டுல நூலுக்கா பஞ்சம்? நான்தான் கட்டினேன்."

கட்டிலில் இருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்தாள். "இவ எங்க கட்டினா? எனக்கு ஒரு பித்தான் தைச்சுத் தரச் சொன்னா ஒரு மாசம் ஆக்குவா. குடை வச்சிருக்குமே அந்தப் பொண்ணு, அதுதான் கட்டுச்சு."

"அத்தை, சும்மா இருங்க."

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? நல்லது செஞ்சவளைச் சொன்னா நாக்கு அழுகியா போயிடும்?"

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அவங்க மேல கோபப்படாதீங்க டாக்டரம்மா. நாங்கதான் கூப்பிட்டோம்."

அதற்குப் பிறகு அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. இன்னும் நாலைந்து வீட்டு வாசலில் நின்று நலம் விசாரித்தாள். ஒரு வீட்டில் ஜன்னல் கம்பியில், இன்னொன்றில் கடிகாரத்துக்குப் பின்னால், வேறொன்றில் சாமான் டப்பாவுக்குள் என்று எல்லா இடத்திலும் அந்த நூல் இருந்தது.

ரோட்டைத் தாண்டித் திரும்பினோம். நிலையத்தில் அன்றைய கூட்டம் போய்விட்டிருந்தது. குடை சிஸ்டர் பஞ்சு டப்பாவை மூடி வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எந்தத் திசையிலிருந்து வருகிறோம் என்று பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது.

"எவ்வளவு நாளா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆரம்பத்துல இருந்தே மேடம்."

"ரோட்டைத் தாண்டாதேன்னு சொன்னேன். ஏன் தாண்டக் கூடாதுன்னும் விளக்கினேன்."

"விளக்கினீங்க. எனக்கும் புரிஞ்சுது. தலையாட்டினேன். ஆனா வேலைய முடிச்சு பஸ்ஸுக்கு நிக்கறது அந்தப் பக்கத்துலதானே மேடம்? ஸ்டாப் அங்கதான இருக்கு? ஒருத்தி வந்து, புள்ளைக்கு மூச்சு வாங்குது, ஒரு எட்டு பாத்துட்டுப் போங்கன்னு கையப் புடிக்கிறா. பூவா தலையால தோத்துட்டீங்க, போங்கன்னா சொல்றது?"

அக்கா திரும்பி எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல போவேன். ஞாயித்துக்கிழமையில போவேன். இந்தப் பக்கத்து வேலையில ஒரு நாள் குறை வைக்கல மேடம்."

"நீ தாண்டாம இருந்திருந்தா இன்னிக்கு அந்தப் பக்கத்துக்கே ஒரு ஆள் வந்திருக்கும்" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "நீ ரெண்டு பக்கமும் பாத்ததால ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடுச்சு. ஒண்ணா இருக்கறதால நீ வேண்டாம்னு சொல்றாங்க."

குடை சிஸ்டர் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது. குடையின் பட்டனை அழுத்தினாள், அறைக்குள்ளேயே அது விரிந்துகொண்டது. மடக்கிவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"என் வேலை போயிடுமா மேடம்? பொண்ணு இப்பதான் காலேஜ்ல சேந்திருக்கா."

"தெரியல."

"என்னைத் திட்டிடுங்க மேடம். திட்டாம நிக்கறீங்களே, அதுதான் பயமா இருக்கு."

"உன்னைத் திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லம்மா" என்று சொல்லி அக்கா வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று ரோட்டைத்தான் பார்த்தாள். ஒரு பஸ் வந்து நின்றது. இந்தப் பக்கத்து ஜனங்கள் அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்து ஜனங்கள் இந்தப் பக்கத்துக்கும் பிளாஸ்டிக் குடத்தோடும் பையோடும் கடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எப்போதும் அப்படிக் கடந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னாள். மாமா விரலை மடக்கினார். "சொல்லாம விட்டா வீட்டுக்குப் போற வேலையே நின்னுடும். சொன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும், உன் ஆராய்ச்சியும் குப்பைக்குப் போயிடும். அடுத்த ஆராய்ச்சிக்கு உன்னை எவன் நம்புவான்?"

"ஆராய்ச்சி போயாச்சு. அதைப் பத்திப் பேச வேண்டாம்."

"அப்போ எதைப் பத்திப் பேசறது?"

"அந்தப் பக்கத்துக்கு ஆள் வரும்னு நான் வாக்குக் குடுத்ததைப் பத்தி."

மாமா என்னைப் பார்த்தார். நான் வெங்காயத் தோலைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கூட்டம் அந்தச் சுகாதார நிலையத்துக் கூடத்திலேயே நடந்தது. துறையில் இருந்து அதிகாரி வந்திருந்தார். மரியாதையான மனிதர். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், தண்ணீர் கொடுத்தவளுக்கு நன்றி சொன்னார். இரண்டு பக்கத்து ஜனங்களும் வந்து நின்றார்கள். குடை சிஸ்டர் சுவரை ஒட்டி நின்றாள். "மேடம், முன்னாடி வாங்க" என்று அதிகாரி தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அக்கா வாசல் பக்கமே உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் படியில் இருந்தேன்.

அதிகாரி முடிவைப் படித்தார். இரண்டு பக்கமும் சமம், ஆகவே வீட்டுக்குப் போகும் வேலை தேவையில்லை என்றார். அக்கா எழுந்தாள்.

"அந்த முடிவு செல்லாதுங்க. போகக் கூடாதுன்னு வச்சிருந்த பக்கத்துக்கும் போயிருக்கு. அதனாலதான் ரெண்டும் சமமா இருக்கு. வீட்டுக்குப் போறதால பலன் இல்லைன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"யார் போனது?"

குடை சிஸ்டர் சுவரை விட்டு நகர்ந்து வாசல் பக்கம் வந்தாள். சொல்ல வந்தாளா, போய்விட நினைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போகிறவர்களைப் பார்த்தே பழகிய அக்கா கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். கையை விடாமலே அதிகாரியிடம் பேசினாள்.

"ஜனங்க தினமும் நாலு தடவை கடக்கிற ரோடுங்க இது. பஸ் ஸ்டாப்பு ஒரு பக்கம், தண்ணிக் குழாய் ஒரு பக்கம். அதுல நான் ஒரு கோட்டைப் போட்டு, இதை யாரும் தாண்ட மாட்டாங்கன்னு எழுதிக் குடுத்தேன். கோடு போட்டது நான். யார் தாண்டினாங்கன்னு கேக்காதீங்க, ஏன் அங்க போட்டேன்னு என்னைக் கேளுங்க."

"அவங்களா வரல சார்" என்று தையல்காரம்மா பின்னாலிருந்து கத்தினாள். "நாங்கதான் கையப் புடிச்சு இழுத்தோம். வேலைய விட்டுத் தூக்கறதா இருந்தா எங்களைத் தூக்குங்க, பாப்போம்!"

சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்தார். நல்லபடியாக முடியப்போகிறது என்று எனக்கு அப்போது தோன்றியது.

"சரிம்மா, யார் மேலயும் நடவடிக்கை வேண்டாம். வீட்டுக்குப் போறதையும் நிறுத்த வேண்டாம்" என்றார் அதிகாரி. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஆனா மேடம், நீங்க ரெண்டாவதா ஒரு நர்ஸ் கேட்டிருந்தீங்க. ஒரே ஆள் ரெண்டு பக்கமும் பாத்திருக்காங்கன்னு நீங்களே சொல்றீங்க. ரெண்டு பக்கமும் நல்லா இருக்குன்னு உங்க கணக்கே சொல்லுது. அப்புறம் இன்னொரு ஆள் எதுக்கு?"

"சாப்பாட்டு நேரத்துலயும் ஞாயித்துக்கிழமையிலயும் பாத்ததுங்க அது. அப்படியே காலம் பூரா ஒருத்தர் செய்ய முடியாது."

"இத்தனை வருஷம் நடந்திருக்கே மேடம்."

அதற்கு அக்காவிடம் பதில் இருந்தது. எனக்குத் தெரியும், வீட்டில் பத்து விதமாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அதற்குள் அவர் எழுந்து கும்பிட்டுவிட்டார். ஜனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு எடை இயந்திரத்தைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினார்கள்.

வெளியே வந்தபோது தையல்காரம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்தலையே டாக்டரம்மா. அதுவே போதும்."

"போதாதுங்க" என்றாள் அக்கா.

பஸ்ஸில் ஏறும்போதே வாசல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள், இறங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆராய்ச்சியை அவள் தோற்றுப்போன ஆராய்ச்சியாகவே எழுதி அனுப்பினாள். எங்கே கோடு போடக் கூடாது என்பதுதான் அதில் இருந்த ஒரே விஷயம். யாரும் அதிகம் பேர் கேட்டிராத ஒரு இதழில் வந்தது. அடுத்த ஆராய்ச்சியை அவளுக்குக் கொடுக்கவில்லை. மாணவர்களை மட்டும் இப்போதும் வருஷா வருஷம் அந்த ரோட்டுக்கு அழைத்துப் போகிறாள். முதல் நாள் பாடமே அங்கே நிற்பதுதான். ஒன்றும் எழுதக் கூடாது, யார் எங்கே கடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மாணவர்கள் அரைமணி நேரத்தில் சலித்துப்போய் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

குடை சிஸ்டருக்கு இப்போது இரண்டு பக்கமும் முறைப்படி அவள் வேலைதான். ஞாயிற்றுக்கிழமை போவதில்லை, முழங்கால் விடுவதில்லை. குடையை ஊன்றித்தான் நடக்கிறாள். முன்பு வாரம் ஒருமுறை போன வீடுகளுக்கு இப்போது மாதம் ஒருமுறை போகிறாள். சந்துகளின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு அதுவும் இல்லை. தையல்காரம்மாவின் மாமியார் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். சர்க்கரை ஏறித்தான். அந்த மாதம் சிஸ்டர் அந்தச் சந்துக்குப் போக முடியவில்லை.

அக்காவுக்கும் ரத்த அழுத்தம் வந்துவிட்டது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். இருந்தாலும் குடை சிஸ்டர் ஒருநாள் வந்து அவள் அட்டைகளிலும் வெள்ளையும் கறுப்புமாய் நூல் கட்டிவிட்டுப் போனாள். அக்கா அதை அவிழ்க்கவில்லை. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நான்.

இரண்டாவது நர்ஸ் வேண்டும் என்று அக்கா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். போன வாரம்கூடத் துறை அலுவலகத்துக்குப் போய், வாசலை ஒட்டிய நாற்காலியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். அதிகாரி வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பக்கத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.